பழைய வீடுகளில் மின் ஒயரிங் புதுப்பித்தல்: மாதவரம்

பழைய வீட்டின் மின்கம்பிகள், இணைப்புகள், பாதுகாப்புக் கருவிகள், எர்த் ஆகியவற்றை இன்றைய மின்சுமைக்கு ஏற்ப மாற்றுவதே ஒயரிங் புதுப்பித்தல். 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்த மாதவரத்தில், நகராட்சிக் காலத்தில் கட்டிய தனி வீடுகள் இன்று டைல்ஸும் மாடியும் ஏற்றுப் புதுக்கோலம் கொள்கின்றன. அந்த வேலையில் ஒயரிங்குக்குக் கடைசி இடமே கிடைக்கிறது. புது சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் பழைய கம்பியே தொடர்கிறது. பூச்சு வேலைக்கு முன்பே ஒயரிங்கை முழுதாக மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. செலவுக் கணக்கிலும் அதுவே சிக்கனம்.

மரச்சட்டத்தில் கிளிப் அடித்து ஓட்டிய பழைய கம்பிகளின் ரப்பர் உறை காலப்போக்கில் காய்ந்து, வளைத்தாலே உதிரும். செம்பு தட்டுப்பாடாக இருந்த காலத்தில் போட்ட அலுமினியக் கம்பிகளில் சிக்கல் முனைகளில் இருக்கிறது: அலுமினியத்தின் மேல் மின்சாரம் எளிதில் கடக்காத ஆக்சைடு படலம் படியும், சூட்டில் அது விரிந்து சுருங்குவதால் திருகும் தளரும். தளர்ந்த இணைப்பு சூடாகும். சூடு மேலும் தளர்த்தும். இந்தக் கம்பிகள் மேல்தான் இன்றைய சுமையும் ஏறுகிறது. நான்கு மின்விசிறிகள் சேர்ந்தாலும் ஒன்றரை ஆம்பியருக்குள்தான் இழுக்கும். 2,000 வாட் கீசர் ஒன்றே 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் கேட்கிறது. ஒன்றரை டன் ஏசி ஏறத்தாழ 7 ஆம்பியர். மின்னோட்டம் இரட்டித்தால் கம்பியில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும்.

வடசென்னையின் ஈரம் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. 2015 டிசம்பர் பெருமழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தாழ்வான தெருக்களில் தண்ணீர் தேங்கியது. சுவரில் ஏறிய ஈரம் சுவிட்ச் பெட்டிக்குள் கசிவு மின்சாரத்துக்கு வழி திறக்கிறது. பழைய வீடுகள் சிலவற்றில் இரும்புத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகக் கட்டியிருப்பார்கள். புதுப்பிக்கும்போது பிளம்பர் பிவிசி குழாய் போட்டதும் அந்த எர்த் அறுந்துபோகும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது.

“இத்தனை வருஷம் ஓடியதே” என்பது வழக்கமான மறுப்பு. ஓடியது அன்றைய சுமையில். இன்றைய சுமைக்கு அது சான்றாகாது. “எம்சிபி மாட்டியாச்சே” என்பது இன்னொன்று. எம்சிபி அதிகச் சுமையையும் ஷார்ட் சர்க்யூட்டையும் தடுக்கும்; ஒருவர் உடல்வழி பாயும் சில பத்து மில்லியாம்பியர் அதற்குப் பொருட்டே அல்ல. அந்தக் கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்க 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி வேண்டும். தளர்ந்த முனையின் சூட்டை இந்த இரண்டுமே உணராது. செலவு என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த சுவரைப் பிறகு உடைப்பதுதான் பெருஞ்செலவு. பணம் போதாதவர்கள் எர்த்தையும் ஆர்சிசிபியையும் முதலில் முடித்து, ஏசிக்கும் கீசருக்கும் மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன் இழுக்கலாம். சுவரை உடைக்காமல் பிவிசி கேசிங்கிலும் கம்பி ஓட்டலாம்.

வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடம் கொடுங்கள். முடிந்ததும் கம்பியின் காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகர் கருவியால் சோதிக்கச் சொல்லுங்கள்; அது 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. அந்த அளவைக் கண்ணால் பார்த்த பிறகே கொத்தனாரைச் சுவர் பூச விடுங்கள்.