பாப்பாத்தியம்மாள் கோயிலும் எங்கள் சபைப் பட்டியலும்

எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளிச் சுவரில் மாட்டுவதற்கு "நமக்கு முன்மாதிரிகள்" என்று பத்துப் பேர் பட்டியல் கேட்டார்கள். வரலாறு படிக்கிற ஆள் என்று வேலை என் தலையில் விழுந்தது. சுவார்ட்ஸ், ரேனியஸ், அசரியா என்று எழுதும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. குளோரிந்தா என்று எழுதியதும் ஒரு மூத்த அண்ணாச்சி, "தம்பி, அந்தம்மா கதையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லுவீக?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கதை இதுதான். தஞ்சாவூர் பக்கத்து பிராமண விதவை. லிட்டில்டன் என்கிற ஆங்கிலேய அதிகாரியோடு திருமணமில்லாமல் வாழ்ந்தவர். சிதையிலிருந்து அவர் இவரைக் காப்பாற்றினார் என்பது செவிவழிக் கதை. 1915-ல் அ. மாதவையா ஆங்கிலத்தில் எழுதிய நாவலால் அது இன்னும் பரவியது. நான் அதன்மேல் அதிகம் பாரம் ஏற்றமாட்டேன். லிட்டில்டன்தான் அவருக்கு ஆங்கிலமும் கிறிஸ்தவப் போதனையும் சொல்லிக்கொடுத்தார். குளோரிந்தா ஞானஸ்நானம் கேட்டார். சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். இந்த உறவு தொடரும்வரை முடியாது என்பது அவர் நிலை. லிட்டில்டன் இறந்தபிறகு பாளையங்கோட்டையில் குளோரிந்தா மறுபடியும் கேட்க, 1778-ல் சுவார்ட்ஸ் அங்கே வந்து ஞானஸ்நானம் கொடுத்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். ஒரு தடவை "இல்லை" என்று சொல்லி அனுப்பப்பட்ட ஆள் பொதுவாக அந்த வாசலுக்குத் திரும்ப வரமாட்டார். நாமே இன்று ஒரு கூட்டத்தில் முகம் சுளித்தால் அடுத்த வாரம் சபை மாறிவிடுகிறோம். இவர் திரும்பி வந்தார். வந்ததோடு நிற்கவும் இல்லை. 1780-ல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் மொத்தம் 40 பேர். முதல் பெயர் குளோரிந்தா. திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறு எழுதுகிற எவரும் அந்த 40 பெயரில்தான் தொடங்கியாகணும். கால்டுவெல்லும் 1881-ல் வெளியிட்ட ஆதி சரித்திரப் பதிவுகளில் அந்தப் பதிவேட்டைப் பேசுகிறார். நாற்பது பேரும் ஒரே சாதியும் இல்லை.

பிறகு கோட்டைக்குள் ஒரு சிறு ஆலயம். ஆங்கிலேயர் சிலர் உதவியதும் உண்டு, ஆனால் முன்நின்றவர் அவர்தான். 1785-ல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். அங்கே உபதேசியாராக வந்து உழைத்த சத்தியநாதன் 1790-ல் குருப்பட்டம் பெற்றார். ஆக, அந்த ஞானஸ்நானத்திலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்குள் பதிவேடு, ஆலயம், ஊழியர் எல்லாம் வந்தாச்சு.

ஊர் அந்த ஆலயத்துக்கு வைத்த பெயர் "பாப்பாத்தியம்மாள் கோயில்". எனக்கு இது இன்றும் உறுத்துகிறது. சுவார்ட்ஸுக்குத் தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் பிளாக்ஸ்மன் கையால் பளிங்குச் சிற்பம் செய்யவைத்தார், பெயரோடு. இந்தம்மாவுக்கோ அவர் விட்டுவந்த சாதிதான் பெயராக நின்றது. ஞானஸ்நானத்தில் வாங்கின பெயரை ஊர் வாய் ஏற்கவில்லை போல. கோயில் இன்னும் நிற்கிறது என்பதில் ஓர் ஆறுதல்.

அண்ணாச்சியிடம் நான் பதிலாக எபிரெயர் 11-ஐத்தான் திறந்து காட்டினேன். விசுவாச வீரர் பட்டியலில் ராகாப் இருக்கிறாள், தொழிலோடு சேர்த்துத்தான் எழுதியிருக்கு. மத்தேயுவின் வம்ச அட்டவணையிலும் இருக்கிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அது வேதாகமம்ப்பா, நீ எழுதுறது சுவரு" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் அந்தப் பதிலை லேசாகத் தள்ள முடியவில்லை. சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்வது என்பது நிஜக் கஷ்டம்.

சரியென்று ஒப்புக்கொண்டார்கள். பத்தில் எட்டாவதாகப் பெயர் வந்தது. ஆலயம் கட்டினவர் என்று போட்டிருக்கு, 1785 போட்டிருக்கு. "முதலில் ஞானஸ்நானம் மறுக்கப்பட்டவர்" என்று நான் எழுதின வரி மட்டும் அடிபட்டுப்போச்சு. அடுத்த கமிட்டி கூட்டம் இரண்டு வாரத்தில். அந்த வரியைத்தான் மறுபடி கேட்கப்போகிறேன்.