ஆற்று மக்களின் சிறுநீரகம்

'இன்ன இனத்தாருக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெடும் வாய்ப்பு அதிகம்' என்று ஒரு மருத்துவ வாக்கியம் உண்டு. பார்க்கச் சாதுவான வாக்கியம்தான். ஆனால் இதில் கெடுத்தவன் யார்? வினை இருக்கிறது, செய்தவனைக் காணோம். 'இனம்' என்று சொல்லிவிட்ட மாத்திரத்தில் காரணம் நோயாளியின் ரத்தத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. வரலாறு வாசலிலேயே நின்றுவிடுகிறது. இந்தச் சொல்லாடல் உருவான களங்களில் முக்கியமானது அமெரிக்காவின் அரிசோனா.

அங்கே கீலா நதிக்கரைப் பழங்குடிகள் தங்களை 'அகிமெல் ஓஓதாம்' என்பார்கள். ஆற்று மக்கள் என்று பொருள். (மருத்துவ ஏடுகள் முழுக்க, ஸ்பானியர் வழியாக ஒட்டிக்கொண்ட 'பிமா' என்ற பெயர்தான். அதிகாரம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது பாருங்கள்.) வாய்க்கால் வெட்டி மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விளைவித்தவர்கள். 1849இல் தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்கு ஓடிய வெள்ளையருக்கு வழியில் பசியாற்றியது இவர்களுடைய கோதுமை. ஒரு தலைமுறைக்குள் மேலே குடியேறிய வெள்ளை விவசாயிகள் ஆற்றைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். தலைமடைக்காரன் கடைமடைக்காரனுக்கு என்ன செய்வான் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பஞ்சம் வந்தது. 1930இல் திறந்துவைத்த கூலிட்ஜ் அணையும் பழைய பாசனத்தைத் திருப்பித் தரவில்லை. தண்ணீருக்குப் பதிலாக வந்தவை மைதா, பன்றிக் கொழுப்பு, சர்க்கரை.

பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜோஸ்லின் 1940இல் அரிசோனாவைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பழங்குடிகளிடம் சர்க்கரை நோய் மற்றவர்களைவிட அதிகமில்லை என்பதே அவர் கண்டது. 1963இல் அரசு ஆய்வாளர்கள் மூட்டுவாதத்தைத் தேடி வந்தார்கள். கண்டது சர்க்கரை நோயை. 1965 முதல் அங்கேயே தங்கி, பதிவேடு போட்டு, ரத்தமும் சிறுநீரும் எடுத்து வைத்தார்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு நோய். நோய் வந்து பத்துப் பதினைந்து வருஷத்தில் சிறுநீரில் புரதம் கசியும். அப்புறம் டயாலிசிஸ் நாற்காலி. 1940க்கும் 1965க்கும் நடுவே ஒரு ஜனத்தின் ஜீனா மாறிப்போனது?

ஆனால் ஜீனைத்தான் தேடினார்கள். ஜேம்ஸ் நீல் 1962இலேயே 'சிக்கன ஜீன்' என்ற கருத்தைச் சொல்லியிருந்தார்: பஞ்சத்துக்குப் பழகிய உடல் கிடைத்ததைச் சேமிக்கும், வளம் வந்ததும் அதுவே நோயாகும் என்று. நீலே பின்னாளில் இதைத் திருத்திக்கொண்டார். பிமாக்களைப் பற்றிய பேச்சில் மட்டும் அது நிலைத்துவிட்டது. வாய்க்காலை அடைத்துச் செய்த பஞ்சம் பரிணாமமாகிவிட்டது, எவ்வளவு வசதி! 'இந்திய உடல்வாகு' என்று நம்மூர் டாக்டர்கள் சொல்லும்போதும் இதே இலக்கணம்தான்.

ஜீனுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. குடும்பம் குடும்பமாக இந்தச் சிறுநீரக நோய் வருவது உண்மை. ஆனால் எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் மைகோபா மலைக் கிராமத்திலும் பிமாக்கள் இருக்கிறார்கள், உடலுழைப்போடு. 2006இல் வெளியான ஒப்பீட்டில் அவர்களிடம் சர்க்கரை நோய் 6.9 சதவீதம், அரிசோனாவில் 38. இன்னொன்று, கருப்பை. ஒரே தாய் பெற்ற பிள்ளைகளில், அவளுக்கு நோய் வந்தபின் பிறந்த பிள்ளைக்கே ஆபத்து கூடுதல் என்று 2000இல் அதே ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தப் பிள்ளைக்கு நோய் இளமையிலேயே வருகிறது. சிறுநீரகம் நடுவயதிலேயே ஓய்ந்துவிடுகிறது. ஆக, பரம்பரை என்பதும் ஜீன் மட்டுமல்ல. தாய் தின்ற மைதாவும்தான்.

இதைவிட உறைக்கும் கணக்கு ஒன்று. அமெரிக்கப் பூர்வகுடிகள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழப்பது 1996க்கும் 2013க்கும் இடையில் 54 சதவீதம் குறைந்தது. பூர்வகுடிகளுக்கான அரசுச் சுகாதாரச் சேவை வேறொன்றும் அதிசயம் செய்துவிடவில்லை. ரத்தக் கொதிப்பைக் கட்டுப்படுத்தினார்கள், சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரை கொடுத்தார்கள், சிறுநீரை ஒழுங்காகப் பரிசோதித்தார்கள், சிகிச்சையை ஊருக்குள் கொண்டுபோனார்கள். 1997இல் இதற்கென்று தனி நிதி ஒதுக்கப்பட்டது. அதே இனம், அதே ரத்தம்.

தண்ணீர் வழக்கு தனியே நடந்துகொண்டிருந்தது. 2004இல் கீலா நதி மக்களுக்கு ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர் அடி தண்ணீர் என்று சட்டமானது. அதில் ஏறக்குறைய பாதி கீலாவின் தண்ணீர் அல்ல. கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாயில் வருவது.