மொச்சைப் பயறும் மூடிய கதவும்

மார்கழி, தை மாதங்களில் ஓசூர்ச் சந்தைக்குச் சென்றவர் எவரும் மொச்சைக் காயின் மணத்தை எளிதில் மறக்கமாட்டார். பனி விலகாத காலைப் பொழுதில் தளிப் பக்கத்திலிருந்தும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் மூட்டை மூட்டையாகக் காய் வந்து குவியும். விலை கேட்கும் குரல் ஒன்று தமிழாக இருக்கும். அடுத்தது தெலுங்காகவும், அதற்கடுத்தது கன்னடமாகவும் இருக்கும். எந்த மொழியினராயினும் வீட்டுக்குக் கொண்டு செல்வது அதே காயைத்தான். இரவெல்லாம் பயற்றை நீரில் ஊறவைத்து, காலையில் தோலைப் பிதுக்கியெடுத்து, நன்றாக வேகவைத்துக் குழம்பாக்கி, இராகிக் களியோடு உண்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிதுக்குப் பருப்பு என்று அதற்குப் பெயர்.

இந்த எளிய பயற்றைப் பற்றி 1955-ஆம் ஆண்டில், இங்கிலாந்திலிருந்து வெளிவரும் 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற விஞ்ஞான வார இதழில் ஓர் ஆராய்ச்சிக் குறிப்பு வெளியாயிற்று. அதை எழுதியோர் பம்பாயைச் சேர்ந்த இருவர். அவர்களுள் ஒருவர் கமலா சோஹோனி என்னும் அம்மையார். அந்த ஆராய்ச்சி எதைப் பற்றியது என்பதையும், அதைச் செய்யும் தகுதியை அடைய அந்த அம்மையார் எந்தக் கதவைத் தட்டவேண்டியிருந்தது என்பதையும் மாணவ மாணவியராகிய உங்களுக்குச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் அந்தத் துறையின் பிறப்பைச் சிறிது பார்ப்போம். உயிருள்ள பொருள்களில் நிகழும் மாறுதல்களுக்கு ஏதோ ஒரு தனிப்பட்ட உயிர்ச்சக்தியே காரணம் என்றும், அவற்றை இரசாயனச் சாலையில் செய்துகாட்ட முடியாது என்றும் அறிஞர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1828-ஆம் ஆண்டில் வோலர் என்னும் ஜெர்மானியர், சிறுநீரில் காணப்படும் யூரியா என்ற பொருளை, எந்த உயிரின் உதவியுமின்றித் தம் ஆராய்ச்சிசாலையிலேயே உண்டாக்கினார். 1897-இல் புக்னர் என்பவர், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரை அரைத்துப் பிழிந்த சாறே சர்க்கரையைப் புளிக்கச் செய்யும் என்று காட்டினார். உயிரணு சிதைந்த பின்பும் அதன் வேலை நடந்தது. அவ்வேலையைச் செய்யும் பொருள்களையே நாம் நொதிகள் என்கிறோம். 1926-இல் அமெரிக்கரான சம்னர், வாளவரை இனத்தைச் சேர்ந்த ஒருவகைப் பயற்றிலிருந்து ஒரு நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்து, அது ஒரு புரதமே என்று நிறுவினார். பல ஆண்டுகள் பெரிய அறிஞர்களே அதை நம்ப மறுத்தனர். 1946-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் புதிய கல்வி நம் நாட்டில் வேரூன்றிய இடங்களுள் ஒன்று, ஓசூருக்கு வெகு அருகிலேயே இருக்கிறது. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் பங்களூர் நகரம். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கனவினாலும், மைசூர் அரசு அளித்த 371 ஏக்கர் நிலத்தினாலும், 1909-இல் அங்கே இந்திய விஞ்ஞானக் கழகம் தோன்றியது. 1921-இல் அதில் உயிர் இரசாயனத் துறை அமைந்தது.

1933-ஆம் ஆண்டில் கமலா பாகவத் என்ற இளம்பெண், பம்பாயில் இரசாயனத்தையும் பௌதிகத்தையும் பாடமாகக் கொண்டு பி.எஸ்ஸி. தேர்வில் முதன்மையாகத் தேறியிருந்தார். அவருடைய தந்தையாரும் தந்தையாரின் சகோதரரும் இரசாயனம் கற்றவர்கள். பங்களூர்க் கழகத்தில் பயின்றவர்கள். ஆகவே மேற்படிப்புக்குத் தாமும் அங்கே செல்வது இயல்பே என்று கருதி அவர் விண்ணப்பம் அனுப்பினார். அனுமதி மறுக்கப்பட்டது. காரணம், அவர் பெண் என்பதே.

மறுத்தவர் யார் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அவ்வாண்டில் கழகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றிருந்தவர் ஸர் சி. வி. இராமன், திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர், 1930-இல் நோபல் பரிசு பெற்று நம் நாட்டின் பெயரை உலகமெங்கும் ஒலிக்கச் செய்தவர். ஒளியின் இயல்பைக் கண்டறிந்த அப்பெருமகனுக்கு, தம் வாயிலில் வந்து நின்ற ஒரு மாணவியின் தகுதி தெரியவில்லை. அவர் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வரலாற்றைப் படிக்கும்போது நாம் போற்றும் பெரியோரின் பிழைகளையும் சேர்த்தே படிக்கவேண்டும். அவ்வாறு படித்தால்தான் நம் பிழைகள் நம் கண்ணில் படும்.

கமலா திரும்பிப் போய்விடவில்லை. காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி, நேரே பங்களூருக்குச் சென்று, இயக்குநரின் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் செய்தார். முடிவில் நிபந்தனைகளின் பேரில் இடம் கிடைத்தது. முதல் ஓராண்டு அவர் முறையான மாணவியாகக் கருதப்படமாட்டார். வழிகாட்டும் ஆசிரியர் சொன்னால் இரவிலும் வேலை செய்யவேண்டும். அவர் இருப்பதனால் ஆண் மாணவர்களின் கவனம் சிதறக்கூடாது. இவையே அந்நிபந்தனைகள். அவமதிப்பை உணர்ந்துகொண்டே அவற்றை அவர் ஏற்றார். படிப்பு அவருக்கு அவ்வளவு இன்றியமையாததாக இருந்தது.

அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் சீனிவாசய்யா என்னும் பேராசிரியர். கண்டிப்பும் அறிவுத் தாகமும் மிக்கவர். சந்தன மரத்தைத் தாக்கும் 'ஸ்பைக்' என்னும் நோயை ஆராய்ந்தவர்களுள் அவரும் ஒருவர். அந்நோய் கண்ட மரத்தில் இலைகள் சிறுத்து, விறைத்து, குச்சியைச் சுற்றி முட்களைப்போல நெருங்கி நிற்கும். நாளடைவில் மரம் பட்டுப்போகும். மைசூர், குடகுக் காடுகளைப் போலவே நம் சேலம் பகுதிச் சந்தனக் காடுகளும் அந்நோயால் துன்புற்றன. பங்களூர் அறிஞர்கள் அந்த இலைகளை அரைத்து, நோயுற்ற இலைக்கும் நல்ல இலைக்கும் இரசாயன வேறுபாடு யாது என்று தேடினர். காட்டில் நிற்கும் ஒரு மரத்தின் துன்பத்தைச் சோதனைக் குழாயின் வழியே அறிய முயன்ற அந்த முறையே, கமலா கற்றுக்கொண்ட கல்வி. அந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரி மின்னணு உருப்பெருக்கியின் உதவியால் 1969-இல்தான் புலப்பட்டது என்றால், அத்தேடல் எவ்வளவு கடினமானது என்று எண்ணிப் பாருங்கள்.

கமலா எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பாலிலும் பயறு வகைகளிலும் உள்ள புரதங்களை அவர் ஆராய்ந்தார். ஏழை நாட்டு மக்களுக்கு ஊட்டம் எங்கிருந்து கிடைக்கும் என்ற கேள்வி அதன் பின்னால் இருந்தது. ஓராண்டு கழிந்தபின் அவருடைய உழைப்பை இயக்குநரே ஒப்புக்கொண்டார். பிற பெண்களுக்கும் கழகத்தில் இடம் கிடைக்கலாயிற்று. 1936-இல் அவ்வாராய்ச்சிக்காகப் பம்பாய்ச் சர்வகலாசாலை அவருக்கு எம்.எஸ்ஸி. பட்டம் வழங்கியது.

முதுநிலைப் பட்டம் என்பது பெயருக்குப் பின்னால் இடும் இரண்டு எழுத்துக்கள்தாமே என்று சிலர் நினைக்கலாம். அதற்கு ஒரு மறுமொழி உண்டு. அதே கழகத்தில், இராமனுடைய ஆராய்ச்சிசாலையில், 1940 முதல் அன்னா மாணி என்ற கேரளப் பெண்மணி வைரத்தின் ஒளியியல்பை ஆராய்ந்தார். 1945-இல் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சென்னைச் சர்வகலாசாலைக்கு அளித்தார். அவரிடம் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று கூறி, டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. பிற்காலத்தில் வானிலைக் கருவிகளின் துறையில் அவர் பெரும்புகழ் பெற்றார். எனினும் அந்த ஒரு படி இல்லாமையால் அடுத்த படி அவருக்கு எட்டாமல் போனது. படிகள் இவ்வாறு அமைந்திருக்கும்போது, நடுவில் நிற்கும் ஒரு படியை ஒருவருக்கு மறுப்பது, அதற்கு மேலுள்ள அனைத்தையும் மறுப்பதற்கு ஒப்பாகும்.

கமலா அடுத்து கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். உருளைக்கிழங்கை ஆராய்ந்து, தாவர உயிரணுக்களிலும் 'சைட்டோகுரோம் சி' என்னும் பொருள் இருந்து, அவற்றின் சுவாசத்தில் பங்கு கொள்கிறது என்று காட்டினார். 1939-இல் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. ஆய்வேடு நாற்பது பக்கங்களே. தாயகம் திரும்பி, டில்லியில் பணியாற்றியபின், நம் நீலகிரியிலுள்ள குன்னூர் ஊட்ட ஆராய்ச்சி நிலையத்தில் உதவி இயக்குநராக இருந்தார். 1947-இல் திருமணமாகிப் பம்பாய் சென்று, அங்குள்ள விஞ்ஞானக் கழகத்தில் மாணவர்களைப் பயிற்றுவித்தார். பனைச்சாறாகிய நீராவின் ஊட்டத்தை ஆராய்ந்து இராஷ்டிரபதி விருது பெற்றார். நாம் பதநீர் என்று பருகுவது அதன் உடன்பிறப்பே. பின்னர் அந்தக் கழகத்தின் இயக்குநராகவும் உயர்ந்தார். 1998-இல் காலமானார்.

இப்போது மொச்சைக்கு வருவோம். நாம் உண்ணும் புரதத்தைச் சிறுகுடலில் வெட்டித் துண்டாக்குவது டிரிப்சின் என்னும் நொதி. அதன் மூலம் கணையத்திலிருந்து சுரக்கிறது. பச்சை மொச்சையில் அந்த நொதியின் வேலையைத் தடுக்கும் ஒரு பொருள் உண்டு. அதைப் படிகமாகத் தனித்தெடுத்ததையே 1955-ஆம் ஆண்டுக் குறிப்பு தெரிவித்தது. பச்சைப் பயறு செரிமானத்துக்குக் கடினமாவதற்கு இத்தகைய பொருள்களும் ஒரு காரணம். நன்றாக வேகவைத்தால் அத்தடையின் பெரும்பகுதி நீங்குகிறது. எங்கள் பாட்டிமார் களிக்குக் குழம்பு வைக்கும்போது, காரணம் அறியாமலே, ஆனால் சரியாகவே, அதைச் செய்து வந்தனர். காரணத்தைக் கண்டு சொன்னது விஞ்ஞானம்.

நொதியும் அது பற்றும் பொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகின்றன என்று 1894-இல் எமில் பிஷர் கூறினார். மொச்சையிலுள்ள தடைப்பொருள், பூட்டில் நுழைந்து அங்கேயே சிக்கிக்கொள்ளும் சாவியைப் போன்றது. பெனிசிலின் மருந்தும் இவ்வாறே, நோய்க் கிருமி தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் நொதியில் சிக்கி, அக்கட்டட வேலையை நிறுத்துகிறது. இத்தகைய பொருள்களை இரசாயன முறையால் தாமே உண்டாக்கி, அவற்றைக் கருவியாகக் கொண்டு உயிரணுவிடம் கேள்வி கேட்கும் கல்வி இன்று 'இரசாயன உயிரியல்' என்ற பெயரில் முதுநிலை வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. கரிம இரசாயனமும் தெரியவேண்டும். புரதங்களின் அமைப்பும் மரபியலும் தெரியவேண்டும். கையால் சோதனை செய்யும் பொறுமையும் வேண்டும்.

இதைக் கற்றால் பிழைப்பு உண்டா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. கிரண் மஜூம்தார் என்பவர் ஆஸ்திரேலியாவில் மது வடிக்கும் நொதித்தல் கலையைக் கற்று 1975-இல் பட்டம் பெற்றார். பெண் என்பதனால் அவருக்கும் இங்கே அந்த வேலை கிடைக்கவில்லை. 1978-இல் பங்களூரில் ஒரு கார்க் கொட்டகையில் 'பயோகான்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் அவர் விற்ற பொருள்களுள் ஒன்று, பப்பாளிப் பாலிலிருந்து கிடைக்கும் நொதி. இன்று அது பெரிய மருந்து நிறுவனம். ஓசூர் நெடுஞ்சாலையின் மேலேயே அதன் கட்டடங்களைக் காணலாம். ஓசூர் மாணவர் பலர் பங்களூருக்குப் பேருந்தில் செல்லும்போது அவற்றைக் கடந்தே செல்கின்றனர்.

முடிக்குமுன் என் பிழை ஒன்றையும் சொல்லிவிடவேண்டும். சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் உதவி ஆசிரியனாக இருந்தபோது, என்னிடம் படித்த கிராமத்துப் பெண் ஒருத்தி பி.எஸ்ஸி. இரசாயனம் தேறி, என்னைப் பார்க்க வந்தாள். "ஐயா, பங்களூரில் எம்.எஸ்ஸி. படிக்க விரும்புகிறேன், அப்பாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றாள். அவள் தந்தையார் திண்ணையில் அமர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சற்று யோசித்து, "தொலைவு, தனிமை, செலவு, ஆசிரியப் பயிற்சிக்குப் போ அம்மா, அதுவே பாதுகாப்பு" என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை. இன்று அவள் நல்ல ஆசிரியை. வருத்தமாக ஒரு சொல்லும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் கமலாவின் வரலாற்றைப் படித்த நாளிலிருந்து அந்தத் திண்ணை என் நினைவை விட்டு அகலவில்லை. அவளுடைய தகுதியை நான் அளந்து பார்க்கவே இல்லை. என் அச்சத்தை அவள் மேல் சுமத்தி, அதற்கு அறிவுரை என்று பெயரிட்டேன்.

மாணவிகளே, உங்களுக்கு விருப்பமும் உழைப்பும் இருக்குமாயின், ஒரு முறை மறுக்கப்பட்டதும் திரும்பிவிடாதீர்கள். மறுப்பவரிடம் காரணத்தைக் கேளுங்கள். மாணவர்களே, உங்கள் வகுப்பில் வந்து அமரும் பெண்ணின் இடம் உங்கள் தயவால் வந்ததன்று என்பதை உணருங்கள். ஆசிரியர்களே, நம்மிடம் அறிவுரை கேட்டு ஒரு குழந்தை வந்தால், பதில் சொல்லுமுன் அக்குழந்தையின் மதிப்பெண் ஏட்டை ஒரு முறையேனும் திறந்து பார்ப்போமாக. நான் அன்று அதைச் செய்யவில்லை.