கல்லூரித் தெருவும் கல்கத்தாப் பல்கலைக்கழகமும்: ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகம் ஊருக்குப் புறத்தே மதில் சூழ்ந்த வளாகத்தில் அமைவதும், பின்னர் அதன் வாயிலை ஒட்டிக் கடைத்தெரு ஒன்று தோன்றுவதும் இன்று நாம் பரவலாகக் காணும் முறையாகும். கல்கத்தாவில் இம்முறை தலைகீழாக நிகழ்ந்தது. அங்குத் தெரு முந்தியது, பல்கலைக்கழகம் பிந்தியது. தெற்கே பௌபஜாரிலிருந்து வடக்கே மகாத்மா காந்தி சாலை வரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளும் காலேஜ் ஸ்ட்ரீட் எனப்படும் கல்லூரித் தெரு, கல்வி நிலையத்தின் உள்ளிருந்தோரையும் வெளியே நிறுத்தப்பட்டோரையும் எவ்வாறு இணைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. தெருவின் தோற்றம்

கல்கத்தா நகரச் சீரமைப்புக்கென அரசின் ஆதரவில் பரிசுச்சீட்டு நடத்தப்பெற்றது. அதன் வருவாயைச் செலவிட 1817இல் பரிசுச்சீட்டுக் குழு அமைந்தது. நகரின் வெள்ளையர் பகுதியையும் வடக்கே இந்தியர் வாழ்ந்த பகுதியையும் இணைக்கும் நேரிய நெடுஞ்சாலையையும், அதனை ஒட்டிய சதுக்கங்களையும் குளங்களையும் இக்குழு உருவாக்கியது. அந்நெடுஞ்சாலையின் ஒரு பகுதியே கல்லூரித் தெரு. கோல்திகி என மக்கள் வழங்கும் குளம் இன்றும் கல்லூரிச் சதுக்கத்தின் நடுவே உள்ளது. ஆக, கல்விக்குப் பெயர்பெற்ற இத்தெரு சீட்டுப் பணத்தில் எழுந்தது என்பது கருதத்தக்கது.

2. வாயில்களும் அவற்றின் வரம்புகளும்

1817இல் வாடகை வீடொன்றில் தொடங்கிய இந்துக் கல்லூரியும், 1824இல் தோன்றிய சமஸ்கிருதக் கல்லூரியும் கோல்திகியின் அருகே ஒரே கட்டடத்தில் இடம்பெற்றன. 1835இல் மருத்துவக் கல்லூரி தோன்றியது. எனினும் இவ்வாயில்கள் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. இந்துக் கல்லூரி இந்துக்களுக்கே உரியது. சமஸ்கிருதக் கல்லூரியில் பிராமணரும் வைத்தியருமே பயிலலாம். ஈசுவர சந்திர வித்தியாசாகர் அக்கல்லூரியின் முதல்வரான 1851இல் காயஸ்தர் சேர்க்கப்பட்டனர். 1854இல் பிற சாதி இந்துக்களுக்கும் இடம் கிடைத்தது. இந்துக் கல்லூரி 1855இல் பிரசிடென்சி கல்லூரியாக மாறியபோது சமய வரம்பு நீங்கியது. பெண்கள் பல்கலைக்கழகத் தேர்வெழுத 1878இல்தான் இசைவு கிடைத்தது; காதம்பினி கங்கூலி 1884இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சாதி, சமயம், பால் ஆகிய ஒவ்வொரு தடையும் தனித்தனியே நீக்கப்பட வேண்டியிருந்தது.

இவ்வரம்புகளின் மறுபக்கத்தையும் இவ்விடம் காட்டுகிறது. இந்துக் கல்லூரி தோன்ற உழைத்தவர்களுள் ஒருவர் டேவிட் ஹேர் என்னும் கடிகார வணிகர், ஸ்காட்லாந்து நாட்டினர். 1842இல் வாந்திபேதியால் அவர் இறந்தபோது, சமயப்பற்று அற்றவரெனக் கருதப்பட்டமையால் கிறித்தவக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. கல்லூரிச் சதுக்கமே அவர் உடலை ஏற்றது.

3. தேர்வும் நூல் வணிகமும்

1857 சனவரி 24ஆம் நாள் கல்கத்தாப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் பம்பாயிலும் சென்னையிலும் தோன்றியவற்றைப் போல இதுவும் இலண்டன் பல்கலைக்கழகத்தை ஒட்டி அமைந்தது. அது கற்பிக்கவில்லை; பாடம் வகுத்தது, தேர்வு நடத்தியது, பட்டம் வழங்கியது. அதன் ஆளுகை மிகப் பரந்தது. இலங்கையின் யாழ்ப்பாணக் கல்லூரியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதனோடு இணைக்கப்பட்டிருந்தது.

தேர்வையே தொழிலாகக் கொண்ட பல்கலைக்கழகத்தில் ஆசிரியரைக் காட்டிலும் பாடநூலுக்கு மதிப்பு மிகுதி. இத்தெருவின் நூல் வணிகம் செழித்தமைக்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம். வழிகாட்டியவர் வித்தியாசாகரே. 1847இல் நண்பர் மதன்மோகன் தர்க்காலங்காருடன் அச்சகமும் நூல் விற்பனை நிலையமும் தொடங்கிய அவர், 1855இல் ‘வர்ண பரிசயம்’ என்னும் வங்காள அரிச்சுவடியை வெளியிட்டார். பதிப்பகங்கள் பெருகின; 1886இல் தொடங்கிய தாஸ்குப்தா நிறுவனம் அவற்றுள் பழைமையானவற்றுள் ஒன்று.

பதிப்பகங்களின் எதிரே நடைபாதைக் கடைகள் எழுந்தன. தேர்வு முடிந்த மாணவன் விற்ற நூல் அடுத்த ஆண்டு மாணவனுக்குக் குறைந்த விலையில் கிடைத்தது. கல்லூரியில் இடம்பெறாதவனும் அதே நூலைப் புரட்டலாம். கடைக்காரர் கேட்பது விலை மட்டுமே. சாதியன்று, சேர்க்கைச் சான்றன்று.

4. தெரு மன்றமாதல்

1876இல் கேசவ சந்திர சேனின் முயற்சியால் ஆல்பர்ட் மண்டபம் எழுந்தது. அதே ஆண்டு இந்தியச் சங்கம் அங்கே தொடங்கப்பெற்றது. 1905 ஆகஸ்டு 7ஆம் நாள் வங்கப் பிரிவினையை எதிர்த்து மாணவர்கள் கல்லூரிச் சதுக்கத்தில் திரண்டு நகர மண்டபத்துக்கு அணிவகுத்துச் சென்றனர். அவ்வாண்டு அக்டோபரில் வெளியான கார்லைல் சுற்றறிக்கை, மாணவர் அரசியலில் ஈடுபடின் கல்வி நிலையங்கள் அரசு உதவியை இழக்கும் என எச்சரித்தது. மாணவரைத் தெருவிலிருந்து பிரிப்பதே அதன் நோக்கம், அது நிறைவேறவில்லை.

தெருவின் தென்முனையில் குறுக்கிடும் பௌபஜார் தெருவில், மருத்துவக் கல்லூரியில் பயின்ற மகேந்திரலால் சர்க்கார் 1876இல் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். 1907இல் கணக்குத் துறை அலுவலராகக் கல்கத்தா வந்த தமிழரான சர் சி. வி. இராமன், அலுவலக நேரம் போக எஞ்சிய காலையிலும் மாலையிலும் அங்கு ஆய்வு செய்தார். 1917இல் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. வெளியிலிருந்த அறிவு உள்ளே சென்றமைக்கு இது சான்று.

மொழியும் இவ்வாறே உட்புகுந்தது. துணைவேந்தராக விளங்கிய ஆசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் 1919இல் இந்தியத் தாய்மொழிகள் முதுகலைப் பாடமாயின. 1937இல் பட்டமளிப்பு உரையை முதன்முதலாக வங்காளத்தில் நிகழ்த்தினார் இரவீந்திரநாத தாகூர். தெருவின் மொழி மேடையேற எண்பது ஆண்டுகள் பிடித்தன.

5. பிற்காலம்

ஆல்பர்ட் மண்டபத்தில் 1942இல் காபி வாரியம் தொடங்கிய காபி நிலையத்தைப் பின்னர்ப் பணியாளர்களின் கூட்டுறவுச் சங்கம் ஏற்றது. பெருந்தூண்கள் தாங்கிய பழைய செனட் மண்டபம், நூற்றாண்டுக் கட்டடத்துக்காக 1960இல் இடிக்கப்பட்டது. 1970இல் நக்சல்பாரி இயக்க இளைஞர்கள் சதுக்கத்திலிருந்த வித்தியாசாகர் சிலையின் தலையை உடைத்தனர். வாயிலைத் திறந்தவரின் சிலையே அவ்வாயில் யாருக்குத் திறந்தது என்னும் வினாவுக்கு இலக்காயிற்று. 2020 மே 20ஆம் நாள் வீசிய அம்பன் புயலில் நடைபாதைக் கடைகள் நீரில் மூழ்கி நூல்கள் மிதந்தன. நகரத்தாரும் வெளியூர் வாசகரும் கடைக்காரர்களுக்காக நிதி திரட்டினர்.

முடிவுரை

தெரு பட்டம் வழங்காது. ஆதலின் அது பல்கலைக்கழகத்துக்கு மாற்றாகாது. ஆயினும் சட்டமும் விதியும் ஒவ்வொன்றாகத் திறந்த கதவுகளுக்கு வெளியே, நூலும் பேச்சும் எல்லார்க்கும் எட்டும் இடமாக அது விளங்கியது. நகருக்குத் தொலைவில் மதில் எழுப்பி வளாகம் வகுப்போர், மதிலுக்குள் அமைவது கல்வியின் ஒரு பாதியே என்பதைக் கல்லூரித் தெருவின் வரலாற்றிலிருந்து உணரலாம்.