சைக்கிள் ஏறிய புதுக்கோட்டைப் பெண்கள்

கிராமத்துப் பெண்களுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. வயலில் நாற்று நடுபவருக்கும், மீன் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்பவருக்கும் உழைப்பு குறைவா என்ன? உண்மைதான். ஆனால் அது பிழைப்புக்கான வேலை. ஒரு பெண் தானே விரும்பி உடலை இயக்க எது தூண்டுகிறது? இதற்கான பதில் புதுக்கோட்டை மாவட்டத்தின் வரலாற்றில் இருக்கிறது.

1990ல் கேரளத்தின் எர்ணாகுளம், முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலை புதுச்சேரியிலும் தமிழகத்திலும் அறிவொளி இயக்கமாகப் பரவியது. புதுக்கோட்டையில் 1991ல் அது தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் அவர் சேர்த்தார். சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கவும் வழி செய்தார்.

கேலிப் பேச்சுக்குக் குறைவில்லை. ஆனாலும் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து பழகினார்கள். 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்தபடி புதுக்கோட்டையில் ஊர்வலம் போனார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் இருக்கும் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

உடம்புக்கு நல்லது என்று சொல்லி இவர்களை யாரும் அழைக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். அப்பாவையோ அண்ணனையோ கணவனையோ எதிர்பார்க்க வேண்டாம். விளைந்த காய்கறியைப் பக்கத்து ஊரில் விற்றுவிட்டுச் சீக்கிரம் வீடு திரும்பலாம். மிச்சமான நேரம் அவர்களுடையது. பக்கத்து வீட்டுப் பெண் ஓட்டுவதைப் பார்த்ததும் பயமும் வெட்கமும் போய்விட்டன.

அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. அந்தோணி, பெண் விடுதலைக்கு வேறெதையும்விட சைக்கிள் அதிகம் செய்தது என்று 1896லேயே கூறினார். புதுக்கோட்டை அதை மீண்டும் காட்டியது.

ஆகவே குருசுக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்பானாலும் சரி, உள்ளடங்கிய கிராமமானாலும் சரி, பெண்களிடம் ஆரோக்கியம் பற்றிப் பிரசங்கம் செய்தால் மட்டும் போதாது. போகும் சுதந்திரமும், கூட வரத் தோழிகளும், கொஞ்சம் நேரமும் கிடைத்தால் உடல் தானாக இயங்கும்.