தடம் படிக்கத் தெரிந்தவர்கள்



காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நம்ம ஸ்ரீரங்கத்து வயல்கள் இருக்கின்றன. விடியற்காலை மடை திருப்பப் போகும்போது, வரப்புப் புழுதியைக் குனிந்து பார்த்திருக்கீங்களா? எலி, கீரி, பாம்பு என்று ராத்திரி வந்துபோன விருந்தாளிகள் எல்லாம் அதிலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கும்.

அந்தக் கையெழுத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள், செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். பாம்பு ஊர்ந்த தடம் நெளிநெளியாக இருக்குமில்லையா? ஒவ்வொரு நெளிவிலும் மண்ணைப் பின்னே தள்ளித்தான் பாம்பு முன்னே போகும். மண் ஒதுங்கிய பக்கத்தைப் பார்த்தால், போன திசை தெரிந்துவிடும். வளை வாயில் மண் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா, சட்டை கிடக்கிறதா, எச்சம் கிடக்கிறதா என்று பார்த்து, உள்ளே இருப்பது எலியா பாம்பா என்று கணித்துவிடுவார்கள். பாம்பின் கால் பாம்பறியும் என்போம். அதை இந்த மனிதர்களும் அறிவார்கள்!

ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரம்தான் இவர்களுக்குச் சோறு போட்டது. தோல் வெளிநாட்டுக்குக் கப்பலேறியது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் தோல் ஏற்றுமதியும் தடைப்பட்டது. பாம்பு பிழைத்தது, பிடித்தவன் வீட்டு அடுப்பு அணைந்தது. தலைமுறை தலைமுறையாக வந்த வித்தையும் அதோடு போயிருக்கும்.

போகவில்லை. பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேகர் துணைநிற்க, 1978-ல் இருளர்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் அது இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, திரும்பக் காட்டிலே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. கொன்றால் ஒரு தடவைதான் காசு. விட்டால் பாம்பும் பிழைக்கும், மனுஷனும் பிழைப்பான்.

2017-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மலைப்பாம்புகள் பெருகி, காட்டு உயிர்களைத் தின்று தீர்த்தன. அங்கே அழைக்கப்பட்ட மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள், தடம் பார்த்தே இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? 2000 முதல் 2019 வரை, நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் நம்மைப்போல் கிராமத்து ஜனங்கள். ஆகவே, இருட்டில் வயலுக்குப் போனால் டார்ச் விளக்கும் காலில் பூட்ஸும் இருக்கட்டும். வைக்கோல் போரிலும் வாழைச் சருகிலும் வெறுங்கையை விடாதீங்க. தப்பித் தவறிக் கடித்துவிட்டால் கீறவும் வேண்டாம், கயிறு இறுக்கவும் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல், உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அங்கே உங்கள் உடம்பில் ஏறும் மருந்துக்குப் பின்னால், எங்கோ ஒரு வரப்பில் குனிந்து தடம் பார்த்த ஓர் இருளரின் கண் இருக்கிறது. நாளைக் காலை மடைக்குப் போகும்போது, நீங்களும் கொஞ்சம் குனிந்து பாருங்க.