எருக்குழிப் புழுவும் நூற்புழுவும்

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்குக் காண்டாமிருக வண்டு பழைய பகையாளி. குருத்தைக் குடையும் வண்டைக் கம்பிக் கொக்கியால் குத்தி இழுப்பார்கள். மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து போடுவார்கள். ஆனால் வண்டின் புழுக்கள் மரத்தில் இருப்பதில்லை. எருக்குழிக்குள் மாதக்கணக்கில் தின்று கொழுக்கின்றன.

மண்ணுக்குள் புகுந்து இத்தகைய புழுக்களைக் கொல்லும் நூற்புழுவை 1929இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ருடால்ஃப் கிளேசர் கண்டார். ஜப்பானிய வண்டின் செத்த புழுக்களில் அது இருந்தது. 1950களில், ஆப்பிளைத் துளைக்கும் புழுவிலிருந்து 'டி.டி.-136' என்ற இன்னொரு நூற்புழு ரகம் கிடைத்தது. 1960களில் அது இந்தியாவுக்கு வந்தது. நெல், கரும்பு, ஆப்பிள் பூச்சிகள்மீது ஏவிப் பார்த்தார்கள். நம் ஊர் வெயில் அதற்கு ஒத்துவரவில்லை.

வெயில் ஒரு தடை என்றால், பூச்சியின் உடம்பு இன்னொரு தடை. உள்ளே நுழைந்த நூற்புழுவை ரத்த அணுக்கள் சூழ்ந்து ஒட்டுகின்றன. அந்த உறை மெலனினால் கறுத்து இறுகி, வந்தவனை மூச்சுமுட்ட வைக்கிறது. பாக்டீரியாவைக் கொல்லும் புரதங்களும் சுரக்கின்றன. அவற்றில் செக்ரோப்பின் என்பதைச் சுவீடனின் ஹான்ஸ் போமன் குழு 1981இல் பட்டுப்பூச்சி இனக் கூட்டுப்புழுவிலிருந்து பிரித்தெடுத்தது. அதே ஆண்டில், நூற்புழு தன் பங்குக்கு ஒரு பொருளைச் சுரந்து அந்தப் புரதங்களைச் சிதைக்கிறது என்பதையும் போமனும் பீட்டர் கோட்ஸும் காட்டினார்கள்.

நூற்புழு தனியாகவும் வருவதில்லை. குடலில் பாக்டீரியாவைச் சுமந்து வந்து பூச்சியின் ரத்தத்தில் விடுகிறது. அந்தப் பாக்டீரியா பூச்சியின் தற்காப்பைத் தூண்டும் சமிக்ஞைகளையே முடக்குகிறது. தற்காப்பு தோற்றால் இரண்டு நாளில் பூச்சி சாகும்.

எருக்குழிப் புழுவுக்கு உறவான, வேரைத் தின்னும் வேர்ப்புழுக்கள் லேசில் தோற்பவை அல்ல. மூச்சுத்துளைகளில் சல்லடைத் தகடு உண்டு; அடிக்கடி கழிப்பதால் குடல் வழியே நுழைவதும் கடினம். மேலே ஊரும் நூற்புழுவைத் தேய்த்தும் தள்ளுகின்றன.

வெப்பம் தாங்கும் உள்ளூர் இனம் கோயம்புத்தூரில் கிடைத்தது. கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கருணாகரும் டேவிட்டும், அமெரிக்க அறிஞர் பாய்னரும் 1992இல் அதற்கு 'ஹெட்டரோரப்டைட்டிஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார்கள். இன்று 'இண்டிகா' என்கிறார்கள். பூச்சியின் தோலைக் கிழிக்க அதற்கு ஒரு பல் உண்டு. சல்லடை அடைத்த துளைகளை மட்டும் அது நம்பியிருக்க வேண்டியதில்லை. பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் வேர்ப்புழுவுக்காக அதை நனையும் தூளாக்கியிருக்கிறது. ஆனால் எருக்குழிக்கு இன்றும் பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது 'மெட்டாரைசியம்' என்ற பச்சைப் பூஞ்சைதான்.